பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த ரிப்கன் பெட்டியை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மேரிலாந்தில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குக் குடிபோகும்போது ஓர் அட்டைப்பெட்டியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே பேஸ்பால் ஆட்டக்காரர் கால் ரிப்கன் ஜூனியர் இடைவிடாமல் ஆடிய 2,131ஆவது ஆட்டத்தை ஒட்டி வந்த சாமான்கள்: கோகோகோலா பாட்டில்கள், பிரிக்காத வீட்டீஸ் (காலை உணவுத் தானியம்) பெட்டி, மடித்த செய்தித்தாள், கிழித்த டிக்கெட், ஒரு உறை நிறைய ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகள், கையெழுத்துள்ள இரண்டு பந்துகள். அதே பாட்டிலுக்கு இணையத்தில் யாரோ 500 டாலர் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மொத்தமாக எவ்வளவு தேறும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அவருக்கு வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதை விற்றால் தப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஏலக் கம்பெனியில் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துப் பட்டியல் எழுதும் வேலையில் பல வருடம் இருந்தேன். பால்டிமோர் பக்கத்திலிருந்து வீடு காலி செய்பவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் ரிப்கன் இல்லாத பெட்டி அபூர்வம். அதனால் உங்கள் பெட்டியை நேரில் பார்க்காவிட்டாலும் பாதிக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியும். மீதியை, குறிப்பாக அந்தக் கையெழுத்துகளை, படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

பேஸ்பால் பரிச்சயம் இல்லாதவர்களுக்காக ஒரு பத்தி. ரிப்கன் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காரர். 1982 மே 30 தொடங்கி 1998 செப்டம்பர் வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடினார். அதற்கு முன் நியூயார்க் யாங்கீஸின் லூ கெரிக், நோய் முற்றி 1939இல் தானே ஒதுங்கிக்கொண்டபோது விட்டுப்போன எண் 2,130. அதை இனி யாரும் தொடப்போவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1995 செப்டம்பர் 6 அன்று கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியோடு ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்து ஆட்டம் கணக்கில் சேரும் என்று ஆனதும், மைதானத்தை ஒட்டி நிற்கும் பழைய ரயில்வே கிடங்கின் சுவரில் தொங்கிய 2130 மாறி 2131 ஆனது. அதன்பின் 22 நிமிடம் ஆட்டமே நடக்கவில்லை, கைதட்டல்தான். கூட ஆடிய பாபி பனியாவும் ரஃபேல் பல்மேரோவும் அவரை வெளியே தள்ளிவிட, மைதானத்தைச் சுற்றி வந்து வேலியோரம் நின்றவர்களின் கைகளைத் தொட்டுக்கொண்டே போனார். சட்டையைக் கழற்றித் தன் பிள்ளைகளிடம் கொடுத்தபோது உள்ளே இருந்த டி-ஷர்ட்டில், அப்பாவுக்கு 2,130க்கும் மேல் அணைப்பும் முத்தமும் என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸே நடக்காமல் போயிருந்தது. விளையாட்டின் மேலேயே வெறுத்துப்போயிருந்த ஜனங்களை இந்த மனிதர் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த சீசனில் ஆட்டம் முடிந்த பிறகும் வேலியோரம் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இவ்வளவும் சொல்லக் காரணம், உங்கள் பெட்டியின் விலையைக் குறைப்பதே இந்தப் பாசம்தான். கெரிக்கின் எண்ணை ரிப்கன் எந்தத் தேதியில் தாண்டுவார் என்பது அந்த சீசன் ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பாட்டில் செய்தவர், பெட்டி அச்சடித்தவர், பந்து தைத்தவர் எல்லோருக்கும் தயாராக நிறைய நேரம் இருந்தது. வாங்கியவர்களும் இது பின்னால் காசாகும் என்ற எண்ணத்தோடுதான் வாங்கினார்கள், யாரும் தூக்கிப் போடவில்லை. கல்யாணத்தில் பெயர் பொறித்துக் கொடுக்கும் எவர்சில்வர் கிண்ணம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற மாதிரி, அந்த ஊரில் எல்லார் வீட்டு பேஸ்மென்ட்டிலும் 2131 இருக்கிறது. நினைவுக்கென்றே செய்த பொருள் அதனால்தான் பெரும்பாலும் விலை ஏறுவதில்லை. விலை ஏறுவது, வேறு வேலைக்குச் செய்யப்பட்டுத் தப்பிப் பிழைத்த பொருள். அந்தக் காலத்துப் பெரிய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் 1932 வேர்ல்ட் சீரிஸில் அணிந்த சட்டை 2024இல் 2.4 கோடி டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு அது வெறும் வேலைச் சட்டை.

இதை வைத்து உங்கள் பெட்டியைப் பிரிப்போம். பாட்டில்கள், வீட்டீஸ் பெட்டி, செய்தித்தாள் மூன்றும் சில டாலர் சமாச்சாரம். 500 என்று ஒருவர் போட்டிருப்பது அவர் ஆசை. ஈபேயில் தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சாமான்களை விற்று நான் பார்த்தவரை, பார்சல் செலவு போக மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: பாட்டில் நிறைந்திருந்தால் அதைப் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். இத்தனை வருடத்தில் மூடி துருப்பிடித்து, சர்க்கரைத் தண்ணீர் கசிந்து, அடியில் இருந்த காகிதமெல்லாம் ஒட்டிப்போன பெட்டிகளைத் திறந்திருக்கிறேன். பிரிக்காத வீட்டீஸ் பெட்டிக்குள் தானியம் இன்னும் இருக்கும், அடிப்பக்கத்தை மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். பூச்சி வந்தால் ஒரு பெட்டியோடு நிற்காது. சேகரிப்பவர்களில் பலர் அட்டையைத் தட்டையாக்கித்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் விலை குறையும் என்று பயப்பட வேண்டாம்.

கார்டுகள் உறையில் பெரும்பாலும் 1990களில் வந்தவைதான் இருக்கும். அந்தக் காலத்தில் கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்தன. ஆனாலும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்து வருடத்தைப் பாருங்கள். 1982 என்று இருந்தால் நிறுத்திப் பாருங்கள். டாப்ஸ் கம்பெனியின் அந்த வருடக் கார்டில் ரிப்கனோடு பாப் பானர், ஜெஃப் ஷ்னைடர் என்று மூன்று முகம் இருக்கும், எண் 21. அதே வருடம் தனியாக வந்த டாப்ஸ் டிரேடட் வரிசையில் ரிப்கன் மட்டும் இருக்கும் கார்டின் எண் 98டி. இந்த இரண்டாவதுதான் ஆட்கள் தேடுவது. அந்த வரிசை கடைகளில் பாக்கெட்டாக வரவில்லை, கார்டு வியாபாரிகள் வழியாக முழு செட்டாகத்தான் விற்றது, அதனால் எண்ணிக்கை குறைவு. மூலை மழுங்காமல், படம் நடுவில் இருந்தால் அதை பி.எஸ்.ஏ. மாதிரி தரம் போடும் நிறுவனத்துக்கு அனுப்புவதில் அர்த்தம் உண்டு. மற்றபடி கார்டுகளைத் தரம் போட அனுப்பினால் கட்டணம்தான் நஷ்டம். போகிற போக்கில் ஒன்று: தம்பி பில்லி ரிப்கனின் 1989 ஃபிளீர் கார்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் பிடித்திருக்கும் மட்டையின் அடியில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்ததைக் கவனிக்காமல் அச்சடித்துவிட்டார்கள், அப்புறம் விதவிதமாக மறைத்துப் பார்த்தார்கள். அண்ணனின் பாதிக் கார்டுகளை விட அது நன்றாகப் போகும்.

டிக்கெட்தான் எனக்குப் பிடித்தது. அது உள்ளே விடுவதற்காக அச்சடித்தது. வாசலில் கிழித்தார்கள், கிழித்ததைப் பலரும் பான்ட் பையோடு துவைத்திருப்பார்கள். தேதியைக் கவனியுங்கள். செப்டம்பர் 5 என்றால் கெரிக்கை எட்டிப் பிடித்த ஆட்டம், 6 என்றால் தாண்டிய ஆட்டம், இரண்டுக்கும் விலை வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் 6 என்று தெரிகிறது. இப்போது மைதானங்களில் எல்லாம் கைப்பேசி டிக்கெட் ஆகிவிட்டதால் பழைய காகித டிக்கெட்டுக்குச் சில வருடங்களாக மவுசு கூடியிருக்கிறது. நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கில் 1947 ஏப்ரல் 15 அன்று முதல் ஆட்டம் ஆடிய நாளின் ஒரு கிழித்த டிக்கெட் 2022இல் 480,000 டாலருக்குப் போனது. உங்களுடையது அந்த வகை இல்லை, ரிப்கன் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு அதைப் பத்திரப்படுத்தத் தெரிந்திருந்தது. நிலையைப் பொறுத்து சில பத்து டாலரிலிருந்து சில நூறு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்க முயலாதீர்கள், அச்சும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, பந்துகளுக்கு வருவோம். ஆரஞ்சு நூலில் தைத்து 2131 சின்னம் போட்ட பந்து நினைவுப் பந்து, கடைகளில் ஏராளமாக விற்றது. அதில் இருக்கும் கையெழுத்து கையால் போட்டதா அச்சா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் போய், பந்தைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா தோலில் ஒரு மெல்லிய பள்ளத்தைப் போட்டுவிடும், சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தின் ஒரு ஓரம் மட்டும் மினுங்கும். கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மை கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அச்சு என்றால் பள்ளம் இருக்காது, தொடக்கம் முதல் முடிவு வரை மை ஒரே கனத்தில் தட்டையாக இருக்கும். அச்சு என்று தெரிந்துவிட்டால் அது பொம்மை, விவகாரம் முடிந்தது.

கையால் போட்டது என்றாலும் யார் கை என்பது அடுத்த கேள்வி. வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டவரின் பேனா யோசிக்காமல் ஓடும். கோடு தொடங்கும்போதும் முடியும்போதும் மெலிந்து வால் விடும். பார்த்து வரைபவனின் கோடு மெதுவாகப் போகும், அழுத்தம் மாறாது, திருப்பத்தில் நடுங்கும், முனை மழுங்கி நிற்கும். இதெல்லாம் சந்தேகப்பட உதவுமே தவிர உறுதிப்படுத்த உதவாது. தேர்ந்த போலிக் கையெழுத்துக்காரர்கள் வேகமாகவே போடுவார்கள். 1990களின் கடைசியில் சான் டியாகோவில் எஃப்.பி.ஐ. நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் அப்படி ஒரு பெரிய கும்பலே பிடிபட்டது. அன்னை தெரசாவின் கையெழுத்தைக்கூட பேஸ்பால் பந்தில் போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கினவர்களும் இருந்தார்கள், அதுதான் வேடிக்கை. அந்தக் கும்பல் கையெழுத்தோடு சேர்த்து உண்மைச் சான்றிதழையும் தாங்களே அச்சடித்துக் கொடுத்தது. அதனால் உங்கள் பந்தோடு இருக்கும், தங்க எழுத்துப் போட்ட அந்தச் சான்றிதழுக்கு நான் எந்த மதிப்பும் தர மாட்டேன். கொடுத்த கடை இன்றைக்கு இருக்கிறதா, கேட்டால் பொறுப்பேற்குமா என்பது மட்டும்தான் ஒரு சான்றிதழில் பார்க்க வேண்டியது.

இரண்டாவது, வெள்ளைப் பந்து. அதை மைதானத்திலேயே பிடித்தது என்று பெரியவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பந்தின் மேல் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஓரியோல்ஸ் இருப்பது அமெரிக்கன் லீக், அதன் பந்துகளில் அந்த லீக் தலைவரின் கையொப்பத்தை அச்சிடுவது அப்போதைய வழக்கம். 1994 முதல் 1999 வரை தலைவராக இருந்தவர் ஜீன் பூடிக். அதனால் 1995 பந்தில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும். மேஜர் லீக் கமிஷனராக இருந்த பட் சீலிக்கின் பெயர் இருந்தால் அது 2000க்குப் பிறகு வந்த பந்து, அன்றைய ஆட்டத்துப் பந்தாக இருக்கவே முடியாது. பூடிக் பெயர் இருக்கிறது என்பதாலேயே ஆட்டத்தில் பயன்பட்டது என்றும் ஆகிவிடாது. அதே பந்து கடையிலும் கிடைத்தது. இந்தச் சோதனை இல்லை என்று சொல்லும், ஆம் என்று சொல்லாது.

மேஜர் லீக்கின் ஹோலோகிராம் ஸ்டிக்கர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சாட்சி, பெரும்பாலும் போலீஸில் இருப்பவரோ ஓய்வு பெற்றவரோ, உட்கார்ந்து பார்த்து, கண்ணெதிரே வெளியே வந்த பந்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். எண்ணை மேஜர் லீக்கின் தளத்தில் போட்டால் எந்த ஆட்டம், என்ன பொருள் என்று வந்துவிடும். ஆனால் அது 2001இல்தான் தொடங்கியது. ஆகவே 1995 ஆட்டத்தில் பிடித்தது என்று சொல்லும் பந்தில் அந்த ஸ்டிக்கர் இருந்தால், அதிகபட்சம் பின்னாளில் ஒரு சாட்சியின் முன்னால் ரிப்கன் அதில் கையெழுத்துப் போட்டார் என்று அர்த்தம் இருக்கலாம். பந்து எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ரிப்கன் தரப்பிலிருந்தே அயர்ன்கிளாட் ஆதென்டிக்ஸ் என்ற பெயரிலும் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அது இருந்தால் கையெழுத்துக்கு நல்லது. எதுவும் இல்லாவிட்டால் கையெழுத்தைச் சோதிக்கும் நிறுவனங்களான பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அனுப்பலாம். அவர்கள் தருவதும் ஒரு கருத்துதான், ஆனால் சந்தை ஏற்றுக்கொள்ளும் கருத்து. ஒன்றை மறக்காதீர்கள்: ரிப்கன் தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர் என்பதால், உறுதி செய்யப்பட்ட பந்தே பெரும்பாலும் நூறு டாலரைச் சுற்றித்தான் போகிறது. அதில் ஒரு நல்ல பங்கைச் சோதனைக் கட்டணமும் தபாலும் தின்றுவிடும். இரண்டு பந்தில் ஒன்றை மட்டும், கையெழுத்து மங்காமல் இருப்பதை, அனுப்புங்கள். அதுவரை இரண்டையும் வெயில் படும் ஷெல்ஃபில் வைக்க வேண்டாம். பால்பாயிண்ட் மை வெயிலில் நீலத்திலிருந்து பழுப்பாகிக் காணாமல் போய்விடும். செய்தித்தாளையும் இருட்டில், அமிலமில்லாத உறையில் வையுங்கள்.

இப்போது விற்கலாமா என்ற கேள்வி. சட்டப்படி கொடுத்தது கொடுத்ததுதான், உங்களுடையது. ஆனால் வீடு காலி செய்யும் அவசரத்தில் கொடுத்த பெட்டி இது. அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டு, அப்பா இதைக் கொடுத்தார், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் பாட்டிலையும் பெட்டியையும் யாரும் கேட்பதில்லை, டிக்கெட்டைக் கேட்பார்கள். ஏனென்றால் பக்கத்து இருக்கையில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார். கேட்டால் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

வேண்டாம் என்று சொன்னாலும், விற்பதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே அந்த இல்லத்துக்குப் போய்ப் பெரியவரைப் பாருங்கள். அன்று யாரோடு போனார், எந்தப் பகுதியில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைப் பந்து எந்த இன்னிங்ஸில் எப்படிக் கைக்கு வந்தது, கையெழுத்து எப்போது எங்கே வாங்கினார் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்தைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. ஏலத்தில் ஒரு பொருளின் வரலாற்றைக் காட்டும் கடிதத்துக்குத் தனி இடம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு டிக்கெட் வந்து, ஒன்றோடு மட்டும் இப்படி ஒரு பக்கம் எழுதியிருந்தால், அதற்குத்தான் கை தூக்குவார்கள். சொல்லும்போது தேதி, இன்னிங்ஸ் குழம்பினால் திருத்தாதீர்கள், அவர் சொன்னபடியே இருக்கட்டும். அந்த ஆட்டத்தின் விவரமெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது, ரிப்கன் நாலாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார், ஓரியோல்ஸ் 4-2 என்று ஜெயித்தது, வாங்குகிறவர் தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுக்கலாமா என்றும் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் எதையும் விலைக்கு வாங்குவதில்லை, நன்கொடையாக மட்டும் எடுப்பார்கள், அதையும் தேர்ந்தெடுத்து. 2131 பாட்டில் அவர்களுக்குத் தேவைப்படாது. வரியைப் பற்றி ஒரு வார்த்தை: அன்பளிப்பாக வந்த பொருளை லாபத்துக்கு விற்றால், கொடுத்தவர் வாங்கிய விலையிலிருந்துதான் உங்கள் லாபத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் பெரியவரைப் பார்க்கப் போகும்போது டிக்கெட்டுக்கும் பந்துக்கும் அன்றைக்கு என்ன கொடுத்தார் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.